ஆமை வாங்கிய வாய்தா

ஒரு காட்டில் நிழலுக்கும் சொந்தக்காரன் இருந்தான்.

அது ஒரு பெருச்சாளி. பெயர் பூமிநாதன். மலையடிவாரத்திலிருந்து ஏரிக்குப் போகிற பாதையில், பாதி வழியில் ஒரு பெரிய நாவல் மரம் நின்றது. அந்தப் பொட்டல் முழுவதற்கும் அது ஒன்றுதான் நிழல். பூமிநாதன் அதன் அடியில் வளை தோண்டிக் குடியேறியது. கொஞ்ச நாளில், மேலே கிடக்கிற தரையும் தன்னுடையதுதான் என்று சொல்ல ஆரம்பித்தது.

"அது எப்படி?" என்று ஒரு முயல் கேட்டது.

"பானை என்னுடையது. மூடி மட்டும் வேறொருத்தனுடையதா?" என்றது பூமிநாதன்.

முயலுக்குப் பதில் தெரியவில்லை. முயலுக்குப் பதில் தெரியாததால் இடம் பூமிநாதனுடையதாயிற்று. அந்தக் காட்டில் நிலங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கைமாறின.

இடம் கிடைத்ததும் பூமிநாதன் ஒரு பலகை எழுதியது. 'தனியார் இடம். இங்கே நிற்கக் கூடாது. மீறி நின்றால் பூட்டுப் போட்டு அபராதம் வசூலிக்கப்படும்.' வெளியே வைத்தால் வெயிலிலும் மழையிலும் எழுத்து அழிந்துபோகும் என்று, பலகையை வளைக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டது.

பூட்டு என்றால் இரும்புப் பூட்டு இல்லை. சுடலைக்கண்ணு என்கிற உடும்பு. ஒரு கைப்பிடி வண்டு தினக்கூலிக்கு அது வேலைக்குச் சேர்ந்திருந்தது. யாராவது நிழலில் நின்றால், புதரிலிருந்து வந்து பின்னங்காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அபராதம் கட்டியதும் விட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்கு வேறு படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு கோடை மத்தியானம் அந்த வழியாகக் கனகாம்புஜம் என்கிற ஆமை வந்தது. வயிறு நிறைய முட்டை. ஏரிக்கரை ஈரமணலில் குழி தோண்டி முட்டையிட வேண்டும் என்று போய்க்கொண்டிருந்தது. ஆமைகளின் வழக்கம் அதுதான். முட்டையிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து பார்ப்பதில்லை. பார்த்தால் மனசு தாங்காது. மணலில் இடுகிற முட்டைகளில் முக்கால்வாசி கீரிக்கும் காக்கைக்கும் உடும்புக்கும்தான் போய்ச் சேரும். ஆமைக் குலத்தில் பிள்ளையின் முகம் பார்த்த தாய் இதுவரை கிடையாது.

நாவல் மர நிழலுக்குள் வந்ததும் கனகாம்புஜத்துக்கு மூச்சு வாங்கியது. பின்னங்காலை யாரோ பிடித்தார்கள்.

"யாருப்பா அது?"

"பார்க்கிங் பூட்டும்மா. இது தனியார் இடம். இங்கே நிக்கக் கூடாது."

"நான் எங்கே நின்னேன்? நடந்துகிட்டுல்ல இருந்தேன்?"

சுடலைக்கண்ணு குழம்பிப்போனது. "நடந்தா இப்படியா இருக்கும்?"

"எங்க வீட்டுல இப்படித்தான் தம்பி இருக்கும்."

சத்தம் கேட்டுப் பூமிநாதன் வளையிலிருந்து மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தது. அதன் கையில் ஒரு செல்போன் இருந்தது. அதில் இரண்டு படங்களைக் காட்டியது.

"இந்தப் படத்துல நீங்க மரத்துக்குக் கீழே இருக்கீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்த இந்தப் படத்துலயும் அதே மரத்துக்குக் கீழே இருக்கீங்க. இதுக்குப் பேர் என்ன?"

கனகாம்புஜம் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தது. "ஐயா, ரெண்டாவது படத்துல அந்தச் சருகைத் தாண்டி வந்திருக்கேன் பாருங்க. முதல் படத்துல சருகு எனக்கு முன்னாலே இருக்கு."

"சருகு காத்துல நகர்ந்திருக்கும்."

"பலகை ஏதாவது வச்சிருக்கக் கூடாதா?"

"வச்சிருக்கேனே. வளைக்குள்ளே வந்து பார்த்துக்கலாம்."

கனகாம்புஜம் வளையின் வாயைப் பார்த்தது. தன் ஓட்டின் அகலத்தை நினைத்துப் பார்த்தது.

"அபராதம் ஒரு கூடை பனங்கிழங்கு," என்றது பூமிநாதன். "இப்பவே கட்டினா அரைக் கூடை. நாளைக்குன்னா முழுக் கூடை. அப்புறம்னா ரெண்டு கூடை."

"கிழங்குக்கு நான் எங்கே போவேன்? காலைத்தான் பிடிச்சு வச்சிருக்கீங்களே."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? காலை விடணும்னா கிழங்கு கட்டணும்."

"வயித்துப் பிள்ளைக்காரி ஐயா. நாள் நெருங்கிடுச்சு. ஏரிக்கரைக்குப் போயாகணும்."

பூமிநாதனுக்கும் மனசு இருந்தது. "உங்க கஷ்டம் புரியுதும்மா. நியாயம் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. பக்கத்து வளையிலே மேல்முறையீட்டு மையம் இருக்கு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே சொல்லிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வளைக்குள் போனது.

கனகாம்புஜம் பக்கத்து வளையைப் பார்த்துக் கூப்பிட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெருச்சாளி வந்தது. மூக்கில் கண்ணாடி போட்டிருந்தது. மற்றபடி மீசை, மீசையில் ஒட்டியிருந்த மண், எல்லாம் பூமிநாதனுடையவைதான்.

"சொல்லுங்கம்மா," என்றது கட்டைக் குரலில்.

கனகாம்புஜம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னது. கண்ணாடிப் பெருச்சாளி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டது.

"இரண்டு தரப்பையும் விசாரித்தேன். அபராதம் சரியே. மேல்முறையீட்டுக் கட்டணம் அரைக் கூடை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

இதையெல்லாம் மேலேயிருந்து தாமோதரன் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஒரு மரங்கொத்தி. கறுப்புக் கோட்டும் சிவப்புக் கொண்டையுமாக அந்த நாவல் மரத்துப் பொந்தில் குடியிருந்தது. தொழில் வக்கீல். ஒரே இடத்தில் விடாமல் கொத்துகிற வக்கீல் என்று காட்டில் பேர். மரத்தில் உட்காருவதும் நிற்பதும் ஒன்றுதான் என்று பூமிநாதன் அதற்கும் அடிக்கடி நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்ததால், ஃபீஸ் வாங்காமலே இந்த வழக்கை நடத்த அதற்கு ஆசை வந்தது.

"கவலைப்படாதீங்கம்மா. கோர்ட்டுக்குப் போவோம்," என்று இறங்கி வந்தது.

"எப்படிப் போறது? காலு?"

"கோர்ட் இங்கே வரும்."

நீதிபதி திருஞானம் ஒரு காட்டெருமை. வழக்கு என்று சொன்னால் வராது. மரத்தடியில் நல்ல நிழல் இருக்கிறது என்று சொன்னால் வரும். தாமோதரன் அப்படித்தான் சொல்லி அழைத்து வந்தது. நீதிபதி நிழலின் நட்ட நடுவில் வந்து நின்றது. சுடலைக்கண்ணு கடமை உணர்ச்சியோடு அதன் பின்னங்காலைப் பார்த்தது. குளம்பின் அளவையும் பார்த்தது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

தாமோதரன் வாதாடியது. பலகை வெளியே இல்லை, ஆமை நிற்கவில்லை, நின்றாலும் ஆமை ஒரு வண்டியில்லை, வண்டியானாலும் இடம் பெருச்சாளியுடையதில்லை என்று கொத்திக் கொத்திச் சொன்னது. பூமிநாதன் செல்போனைக் காட்டியது. நீதிபதி எல்லாவற்றையும் கேட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் அசைபோட்டது.

"இது ஆழமான விஷயம்," என்றது கடைசியில். "அடுத்த அமாவாசைக்குத் தள்ளிவைக்கிறேன். தீர்ப்பு வருகிறவரை இந்த இடத்தில் இருக்கிறது எதுவும் இருக்கிறபடியே இருக்க வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, சேதப்படுத்தக் கூடாது. யாரும் யாருக்கும் புதிதாக அபராதமும் போடக் கூடாது. மீறினால் மிதி."

மிதி என்பது அந்தக் கோர்ட்டில் ஒரே தண்டனை. மேல்முறையீடு செய்ய யாரும் மிஞ்சியதில்லை.

"ஐயா," என்றது சுடலைக்கண்ணு. "நான் இந்தம்மா காலை விடலாங்களா?"

"உத்தரவு வரும்போது பிடித்திருந்தாயா?"

"பிடிச்சிருந்தேங்க."

"அப்படியானால் பிடித்துக்கொண்டே இரு."

நீதிபதி போய்விட்டது. வென்றாகிவிட்டது என்று தாமோதரன் குதித்தது. "ஸ்டே வாங்கிட்டோம்மா! இனிமே அபராதம் ஏறாது."

கனகாம்புஜம் அழுதது. "அபராதம் கிடக்கட்டும் வக்கீலய்யா. நான் ஏரிக்குப் போகணுமே. அமாவாசை வரைக்கும் முட்டை காத்திருக்குமா?"

தாமோதரன் கொண்டையைச் சொறிந்தது. அதற்குச் சட்டத்தில் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் கனகாம்புஜம் பிடிபடாத பின்னங்காலால் அங்கேயே மண்ணைத் தோண்டியது. ஒரு கால் உடும்பின் கையில் இருந்ததால் குழி கோணலாகத்தான் வந்தது. முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொன்றும் சுடலைக்கண்ணுவின் மூக்குக்கு நேராக விழுந்தது.

சுடலைக்கண்ணு எச்சில் விழுங்கியது. காலையிலிருந்து அது ஒன்றும் சாப்பிடவில்லை. வழக்கு வந்த கோபத்தில் பூமிநாதன் வண்டுப்படியை நிறுத்தியிருந்தது.

கனகாம்புஜத்தால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு உள்ளேயிருந்தே பேசியது.

"தம்பி."

"சொல்லுங்கம்மா."

"நீ உடும்புல்ல?"

"ஆமாம்மா."

"நீங்க எல்லாம் இதை..."

"ஆமாம்மா. ரொம்பப் பிடிக்கும்." அதன் குரலில் ஒளிவுமறைவு இல்லை.

சுடலைக்கண்ணு ஒரு கையைக் காலிலிருந்து எடுத்து, குழிக்குள் நீட்டியது.

டொக் என்று மேலே ஒரு சத்தம்.

"கையை எடுங்க!" என்றது தாமோதரன். "இந்த இடத்தில் இருக்கிறதை எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"உத்தரவு போடும்போது முட்டை இல்லீங்களே?"

"இருந்துச்சு. அம்மாவுக்கு உள்ளே இருந்துச்சு. அம்மா எங்கே இருந்தாங்க? இந்த இடத்துல இருந்தாங்க. அப்போ முட்டையும் இந்த இடத்துல இருந்ததாத்தானே அர்த்தம்?"

சுடலைக்கண்ணு யோசித்தது. நீதிபதியின் குளம்பு நினைவுக்கு வந்தது. நீட்டிய கையை மெல்ல எடுத்து மறுபடி காலைப் பிடித்துக்கொண்டது. பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல், வாலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. கண்ணில் படாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதி என்று நினைத்தது.

மறுநாள் ஒரு காக்கை வந்தது. குழியைச் சுற்றித் தத்தித் தத்தி நடந்தது. சுடலைக்கண்ணு வாலைச் சுழற்றி ஒன்று வைத்தது. காக்கை பதறிப் பறந்தது. அதற்கடுத்து ஒரு கீரி. அதற்கும் வால் அடிதான். பன்றி ஒன்று வந்து மோப்பம் பிடித்தபோது, சுடலைக்கண்ணு வாயைத் திறந்து சீறிய சீறலில் அது வந்த வழியே திரும்பியது.

கனகாம்புஜத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "உனக்கு ரொம்ப நல்ல மனசு தம்பி."

"மனசெல்லாம் ஒண்ணுமில்லைம்மா. ஒரு முட்டை குறைஞ்சாலும் ஊரே என் வயித்தைத்தான் பார்க்கும். கோர்ட்டும் அதைத்தான் பார்க்கும். அப்புறம் மிதி யாருக்கு?"

இப்படியாக, முட்டை தின்னிகளிலேயே பெரிய முட்டை தின்னி அந்தக் குழிக்குக் காவலாளி ஆனது. பசிக்கு, உத்தரவுக்குப் பிறகு புதிதாகப் பறந்து வந்த வெட்டுக்கிளிகளை மட்டும் தின்றது. ஏற்கெனவே அங்கே குடியிருந்த எறும்புகளைத் தொடவில்லை. அவை வழக்குச் சொத்து.

பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே இடத்தில் கிடந்தால் பேசித்தானே ஆக வேண்டும்? கனகாம்புஜம் ஏரியைப் பற்றிச் சொன்னது. தாமரை இலைக்கு அடியில் மத்தியானம் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொன்னது. சுடலைக்கண்ணு ஒரு நாள் கேட்டது, "உங்க அம்மா இன்னும் ஏரியிலேதான் இருக்காங்களா?"

"இருக்கலாம். எதிர்லே வந்திருந்தாக்கூட யாருன்னு எனக்குத் தெரியாதே. எங்களைப் பெத்தவங்க முட்டையிலேயே விட்டுட்டுப் போயிடுவாங்க."

"எங்களுக்கும் அப்படித்தான்," என்றது சுடலைக்கண்ணு.

இதற்கிடையில் பூமிநாதனின் நிலைமைதான் மோசமாயிற்று. புது அபராதம் போடக் கூடாது என்று தெரிந்ததும் காட்டிலுள்ள அத்தனை பிராணிகளும் நாவல் மரத்தடிக்கு வந்து நின்றன. மான்கள் குடும்பத்தோடு வந்தன. நரிகள் சீட்டாடின. முயல் வந்து வேண்டுமென்றே வளையின் வாசலில் நின்றது. பூமிநாதன் கூட்டம் மிதித்து இடிந்துபோன வளையின் மண்ணை அள்ளி வெளியே போடப் போனபோது, "மண்ணை நகர்த்தக் கூடாது, ஸ்டே இருக்கு," என்று மேலேயிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது.

கடைசியில் அது கனகாம்புஜத்திடம் வந்து கைகட்டி நின்றது.

"தாயி, நடந்தது நடந்துபோச்சு. அபராதத்தை ரத்து பண்ணிடறேன். மேல்முறையீட்டுக் கட்டணமும் வேண்டாம். அந்தப் பக்கத்து வளைக்காரர்கிட்டே நான் பேசிக்கறேன். வழக்கை முடிச்சுக்குவோம். நீங்க தாராளமா ஏரிக்குப் போகலாம்."

கனகாம்புஜத்துக்குச் சந்தோஷத்தில் முன்னங்கால் தானாக ஒரு எட்டு எடுத்தது. பிறகு அப்படியே நின்றது. முதல் முறையாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி, உண்மையாகவே நின்றது.

"தம்பி," என்றது பின்னால் கேட்கும்படி. "வழக்கு முடிஞ்சா ஸ்டேயும் முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்மா."

"அப்போ நீ?"

சுடலைக்கண்ணு தரையைப் பார்த்தது. வாலால் மண்ணைக் கீறியது. "பொய் சொல்ல எனக்கு வராதும்மா. வழக்கு இருக்கிற வரைக்கும் நான் பூட்டு. முடிஞ்சா நான் உடும்பு."

கனகாம்புஜம் பூமிநாதன் பக்கம் திரும்பியது. ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டியது.

"எனக்கு உங்க தயவு வேண்டாம் ஐயா. எனக்கு நீதி வேணும். நான் தப்பு பண்ணலைன்னு கோர்ட் சொல்லணும். அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

சுற்றி நின்ற பிராணிகளுக்குப் புல்லரித்தது. செய்தி காடெங்கும் பரவியது. பெருச்சாளியின் காலில் விழாத ஆமை, நீதிக்காகப் பட்டினி கிடக்கும் தாய் என்று குரங்குகள் கிளைக்குக் கிளை பேசின. இளம் மான்கள் வந்து அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டன. ஒரு கரடி உணர்ச்சிவசப்பட்டுத் தேன் கொண்டுவந்து கொடுத்தது. கனகாம்புஜம் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டியது. தலையாட்டும்போதெல்லாம் மனசு பின்னாலிருந்த குழியின் மேல் இருந்தது.

அமாவாசையன்று நீதிபதி வந்தது. "இன்று தீர்ப்புச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்," என்றது.

"ஐயா!" என்று அலறியது கனகாம்புஜம். "எனக்கு வாய்தா வேணும்."

"உனக்கா? எதற்கு?"

"என் வக்கீலுக்குத் தலைவலி."

தாமோதரன் திகைத்துப் பார்த்தது. கனகாம்புஜத்தின் முகத்தைப் பார்த்ததும் மெல்லத் தலையைப் பிடித்துக்கொண்டது. தினமும் மரத்தில் முட்டிக்கொள்கிறவருக்குத் தலைவலி வருவது இயற்கைதானே என்று நீதிபதி ஒத்துக்கொண்டது. வழக்கு அடுத்த அமாவாசைக்குப் போயிற்று.

அடுத்த அமாவாசைக்குப் பூமிநாதன் ஒரு முடிவோடு வந்தது. மீசை வாடிப்போயிருந்தது. "ஐயா, நான் குற்றத்தை ஒத்துக்கறேன். நான் அபராதம் போட்டது தப்பு. பலகையை உள்ளே வச்சது தப்பு. பக்கத்து வளைக்காரரும் நான்தான். தயவுசெஞ்சு எனக்கு எதிரா இன்னைக்கே தீர்ப்பு சொல்லிடுங்க."

"நல்லது," என்று நீதிபதி வாயைத் திறந்தது.

"ஐயா, அவர் பொய் சொல்றார்!" என்றது கனகாம்புஜம்.

"என்ன பொய்?"

"அவர் தப்பே பண்ணலை. பாவம், உத்தமர். நான்தான் நின்னேன். நல்லா நின்னேன். மூச்சு வாங்கிச்சு, நிழலைப் பார்த்தேன், நின்னுட்டேன். அந்தச் சருகு காத்துலதான் நகர்ந்துச்சு."

பூமிநாதன் துள்ளியது. "இல்லீங்க ஐயா! இந்தம்மா நடந்துகிட்டுதான் இருந்தாங்க! என் கண்ணால பார்த்தேன். என்னா வேகம்!"

"நின்னேன்!"

"நடந்தீங்க!"

தாமோதரன் யார் பக்கம் வாதாடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொத்தியது. நீதிபதி வாயை மூடிக்கொண்டது.

"இரண்டு தரப்பும் தன் மேல்தான் குற்றம் என்று சண்டை போடுகிற வழக்கை என் அனுபவத்தில் பார்த்ததில்லை," என்றது. "இதை நன்றாக அசைபோட வேண்டும். மழை வந்து புல் தளிர்த்த பிறகு பார்க்கலாம்."

பூமிநாதன் தரையில் விழுந்து புரண்டது. புரண்டதில் கொஞ்சம் மண் நகர்ந்துவிட்டதோ என்று பயந்து எழுந்து, அதைப் பழையபடி சரிசெய்தது.

மழை வந்தது. முதல் மழை மண்ணை நனைத்து, மறுநாள் வெயிலும் அடித்தது. அன்று காலையில் சுடலைக்கண்ணு திடீரென்று, "அம்மா, மண்ணு அசையுது," என்றது.

"என்னால திரும்ப முடியலையே தம்பி. காலை இறுக்கிப் பிடிச்சிருக்கியே."

சுடலைக்கண்ணு காலை விடவில்லை. ஆனால் காலைப் பிடித்தபடியே தானும் சேர்ந்து மெல்ல நகர்ந்து, கனகாம்புஜத்தைக் குழியின் பக்கம் சுற்றித் திருப்பியது. அது உத்தரவை மீறியதா இல்லையா என்று தாமோதரனிடம் யாரும் கேட்கவில்லை. தாமோதரன் அந்த நேரம் பார்த்துப் பொந்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

ஈரமண்ணைப் பிளந்துகொண்டு ஒரு சின்னத் தலை வந்தது. மூக்கு நுனியில் மண். அது கண்ணைத் திறந்து, எதிரே மலைபோல் இருந்த முகத்தைப் பார்த்தது. கனகாம்புஜமும் பார்த்தது. பெற்ற பிள்ளையிடம் என்ன பேச வேண்டும் என்று ஆமைகளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"வந்துட்டியா?" என்றது.

அடுத்து ஒன்று வந்தது. அதற்கடுத்து ஒன்று. எல்லாமே வந்தன. ஒன்று சுடலைக்கண்ணுவின் கையை ஏதோ வேர் என்று நினைத்து, அதன்மேல் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. சுடலைக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் கிடந்தது.

ஒரு குஞ்சுக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தண்ணீர் வாசனை வந்த திசையில் திரும்பி ஏரியை நோக்கிப் போக ஆரம்பித்தன.

வளையிலிருந்து பூமிநாதன் எட்டிப் பார்த்துக் கத்தியது. "ஏய் சுடலை! வழக்குச் சொத்து போகுது பார்! பிடி!"

சுடலைக்கண்ணு நிதானமாகச் சொன்னது. "நிக்கிறவங்களைப் பிடிக்கத்தான் எனக்குக் கூலி. இவங்க நிக்கலைங்க. போய்க்கிட்டு இருக்காங்க."

கடைசிக் குஞ்சு புல்லுக்குள் மறையும்வரை கனகாம்புஜம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மேலே பார்த்துக் கூப்பிட்டது.

"வக்கீலய்யா, நீதிபதியை வரச்சொல்லுங்க. தாமதமே கூடாது. நீதி தாமதமானா அநீதிதானே?"

நீதிபதி வந்தது. புல் நன்றாகத் தளிர்த்திருந்ததால் நல்ல மனநிலையில் இருந்தது. பலகை வளைக்குள் இருந்ததால் அபராதம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லியது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அசைபோடாமல் விழுங்கினால் செரிக்காது என்பது அந்தக் கோர்ட்டின் கொள்கை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. நீதி வென்றது என்றது கரடி. தோற்றுப்போன பூமிநாதன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டது. சுடலைக்கண்ணு காலை விடப் பார்த்தது. இத்தனை நாள் பிடித்துப் பிடித்துக் கை விறைத்துப்போய் விரல் நிமிரவில்லை. கனகாம்புஜம் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு விரலாக நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோ தம்பி," என்று சொல்லி ஏரிக்குப் புறப்பட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், தனியார் இடத்தில் அநியாயமாக அபராதம் போடுகிறவர்களுக்கு இது ஒரு பாடமாக இருந்திருக்கும்.

ஆனால் ஏரியில் அந்த வருஷம் ஆமைக்குஞ்சுகள் ஏராளம் என்கிற சேதி பரவிவிட்டது. அடுத்த முட்டைப் பருவம் தொடங்கியபோது நாவல் மரத்தடியில் ஒரு வரிசை நின்றது. ஆள்காட்டிக் குருவி, மயில், கௌதாரி, இன்னும் தரையில் முட்டையிடுகிற எல்லாத் தாய்மார்களும் வந்திருந்தார்கள். வரிசை பாதை வரைக்கும் நீண்டிருந்தது.

"ஐயா, எனக்கு ஒரு அபராதம் போடுங்க."

"எனக்கும் ஐயா. கொஞ்சம் பெரிசாவே போடுங்க. சீக்கிரம் தீர்ந்துடாத மாதிரி."

பூமிநாதனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டது. டோக்கன் முறை கொண்டுவந்தது. சாதாரண அபராதத்துக்கு ஒரு கூடை கிழங்கு, குஞ்சு பொரிக்கிறவரை இழுக்கக்கூடிய சிக்கலான அபராதத்துக்கு மூன்று கூடை. உடும்புகளை வரிசையாக வேலைக்கு வைத்தது. நல்ல வண்டுப்படி கொடுத்தது. பெரிய அபராதம் கிடைத்தவர்கள் சின்ன அபராதம் கிடைத்தவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சிபாரிசுக்கு ஆள் பிடித்தார்கள். தாமோதரனுக்குத் தினமும் தலைவலி. நீதிபதி ஏதாவது ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிடுமோ என்று காடு முழுக்க ஒரே கவலை. அது வாயைத் திறந்தாலே யாராவது ஓடிப்போய் இளம்புல் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்தப் பக்கமாக ஒரு காடையும் வந்தது. ஏழைக் காடை. கிழங்கும் இல்லை, சிபாரிசும் இல்லை. வரிசையைப் பார்த்தது. அடுத்தவர் இடத்தில் நிற்பது தப்பு என்று வளர்க்கப்பட்டிருந்ததால் நிழலில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனது. பொதுப் புறம்போக்கில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு முள்செடிக்கு அடியில், சட்டப்படி முட்டையிட்டது.

மறுநாள் காலையில் அந்த முள்செடிக்கு அடியில் ஓடுகள்தான் கிடந்தன.

காடை அழுதுகொண்டே மரத்தடிக்கு வந்து விசாரித்தது. காலைப் பணிக்குத் தயாராகிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு மரியாதையாக எழுந்து நின்றது. வாயைத் துடைத்துக்கொண்டது.

"நான்தாம்மா," என்றது. பொய் சொல்ல அதற்கு வராது. "அது கேஸ்ல இல்லைங்களே."

நீதி: முட்டை வைத்திருக்கிறவர்கள் நீதிக்கு அவசரப்படக் கூடாது.